கோடையில மட்டும் ஓடுற காருக்குக் கறள் ஒயில் அடிக்க வேணுமோ? ரெண்டு கடையில அடிச்சுப் பாத்தவன் சொல்லுறன்

புரட்டாதி பிறந்தாக் காணும், ரொறன்ரோவில ரெண்டு தமிழர் சந்திச்சா வீடு வாசல், பிள்ளையள் எல்லாம் விசாரிச்சு முடிய வாற அடுத்த கேள்வி, காருக்குக் கறள் ஒயில் அடிச்சாச்சோ எண்டதுதான். கறள், அதாவது துரு, பிடிக்காமல் இருக்கக் காரின்ர அடிக்கும் தகட்டு இடுக்குகளுக்கும் அடிக்கிற ஒயிலைத்தான் சொல்லுறன். பனி உருக ரோட்டில உப்புக் கொட்டுறபடியா வின்ரரில ஓடுற காருக்கு இதில யோசிக்க ஒண்டும் இல்லை, அடிக்கத்தான் வேணும், என்ர கொரொல்லாவுக்கு ஒரு வருசமும் நான் தவற விட்டதில்லை. ஆனா என்னட்ட இன்னொரு கார் கிடக்கு. 2001ஆம் ஆண்டு மஸ்டா மியாட்டா, சிவப்பு, ரெண்டே சீற், மேல்துணியை மடக்கி வைக்கிற கார். மே மாசம் வெளிய வரும், ஒக்டோபர் முடிய கராஜுக்குள்ள போயிடும், என்ர கையில அது பனியையோ ரோட்டு உப்பையோ ஒரு நாளும் கண்டதில்லை. இதுக்கும் அடிக்க வேணுமோ எண்டு கேட்டாப் பாதிப்பேர் காசைக் கரியாக்காதை எண்டுவினம், மற்றப் பாதிப்பேர் வருசா வருசம் அடிக்காட்டி உக்கிப்போம் எண்டுவினம். நான் ரெண்டு கடையில அடிச்சுப் பாத்திட்டன், ஒண்டில வயிறெரிஞ்சு வந்தனான், மற்றதுக்கு இண்டைக்கு வரைக்கும் போறன். அதைத்தான் எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வாசிக்க நேரமில்லாத ஆக்களுக்கு முதலிலயே சொல்லிவிடுறன். காருக்குப் பத்துப் பதினைஞ்சு வயசுக்கு மேல எண்டா, சமருக்கு, அதாவது கோடைக்கு, மட்டும் ஓடினாலும் அடியுங்கோ, ஆனா ரெண்டு வருசத்துக்கு ஒருக்காக் காணும், அடிக்க முதல் காருக்குள்ள தண்ணி நிக்குதோ எண்டு பாக்கிற கடையிலதான் அடியுங்கோ. தண்ணி நிக்கிற காருக்கு எந்த ஒயில் அடிச்சும் பிரயோசனம் இல்லை.

உப்பே படாத காருக்கு ஏன் ஒயில் எண்டுதான் நானும் முதல் நினைச்சனான். 2018இல நான் வாங்கேக்க வித்த பெரியவர் பீற்றர்பரோ பக்கம், தான் வைச்சிருந்த பத்து வருசமும் வின்ரரில இறக்கேல்லை எண்டு சொன்னவர், பொய் சொல்லுற ஆளாத் தெரியேல்லை. ஆனா அவருக்கு முதல் வைச்சிருந்த ஆள் என்ன செய்தவர் எண்டு ஆருக்குத் தெரியும்? ஏழு வின்ரர் கணக்கில்லாமக் கிடக்கு. அந்த ஏழு வருச உப்பும் தகட்டை மடிச்சு ஒட்டின இடுக்குகளுக்குள்ள போயிருந்தா அது எத்தினை தரம் கழுவினாலும் முழுக்க வெளிய வராது. ஊரில மழை நாளில உப்புப் போத்தலுக்குள்ள உப்பு கசிஞ்சு தண்ணியா நிக்கிறதை எல்லாரும் கண்டிருப்பியள், காருக்குள்ளயும் அதேதான் நடக்குது. காற்றில ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினாச் சாதாரண உப்பு காற்றில இருந்தே தண்ணியை இழுத்துக் கரைஞ்சு ஈரமாகும். ரோட்டுக்குப் பாவிக்கிற கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் வகையளுக்கு 30, 35 வீதமே காணும். ரொறன்ரோவில யூலை இராவில ஈரப்பதன் 80, 90 எண்டு நிக்கிறது சாதாரண விசயம். அப்ப வின்ரர் முழுக்கக் காய்ஞ்சு கிடந்த பழைய உப்பு சமரில திரும்ப ஈரமாகி வேலையைத் தொடங்குது, சூடும் சேர்ந்தாக் கறள் இன்னும் விரைவாப் பிடிக்கும். மைனஸ் 15இல உறைஞ்சு கிடக்கிற தகட்டில அவ்வளவு வேகமா ஒண்டும் நடக்காது. எனக்கு இதை ஆரும் முதலிலயே சொல்லியிருந்தா முதல் ரெண்டு வருசத்தை வீணாக்கியிருக்க மாட்டன்.

அடுத்தது சமர் எண்டு நாங்கள் நினைக்கிற காலத்தின்ர ரெண்டு கரையும். ஒன்ராறியோவில கோடறிச் எண்ட ஊரில ஹூரோன் ஏரிக்குக் கீழ ஏறக்குறைய 550 மீற்றர் ஆழத்தில உலகத்திலயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கு, கைக்குப் பக்கத்தில உப்பு இருக்கிறபடியா இஞ்ச ரோட்டுக்கு அள்ளிக் கொட்டுறதில குறைவைக்கிறதில்லை, ரொறன்ரோ நகரம் மட்டுமே ஒரு வின்ரருக்கு லட்சம் தொன்னுக்கு மேல போடுது. ஏப்ரல் மாசம் ரோடு காய்ஞ்சு வெயில் எறிக்கேக்க வெள்ளையாப் பறக்கிற தூசைப் பாத்திருப்பியள், அதில உப்பும் கிடக்கு. முதல் வெயிலைக் கண்ட உடன காரை வெளிய எடுக்கிற ஆக்கள் அந்தத் தூசுக்குள்ளதான் ஓடுகினம், பிறகு ஒரு மழை வந்தா அது அடியில ஒட்டி உப்புத்தண்ணி ஆகிடும். நான் நல்லா அடிச்சு ஊத்துற மழை மூண்டு நாலு பெய்யுமட்டும் எடுக்கிறதில்லை, அப்பிடிப் பாத்தா மே முதல் கிழமை ஆகிடும். மற்றக் கரை ஒக்டோபர் கடைசி. பனி வர முதலே லொறியில வந்து 23 வீத உப்புத்தண்ணியை ரோட்டில விட்டிட்டுப் போவாங்கள், காய்ஞ்ச பிறகு ரோட்டு நீளத்துக்கு வெள்ளைக் கோடு கோடாத் தெரியும். அந்தக் கோடு கண்ணில பட்ட நாளோட என்ர மியாட்டா கராஜுக்குள்ள போயிடும், பிறகு கோயிலுக்கெண்டாலும் அதில போறதில்லை.

இனி முதல் கடை. 2018 ஒக்டோபர், பெயர் போடேல்லை, பெரிய இடம், விளம்பரம் எல்லாம் நல்லா இருந்தது. நான் போன அண்டைக்கு மழை. கார் அடி முழுக்க நனைஞ்சு சொட்டிக்கொண்டு நிக்குது, வேற நாளைக்கு வரட்டோ எண்டு கேட்டன், பரவாயில்லை எங்கட ஒயில் தண்ணியைத் தள்ளிவிடும் எண்டு சொல்லி உள்ள எடுத்திட்டினம். 25 நிமிசத்தில சாவி கையில. வீட்டை வந்து கதவைத் திறந்தால் கதவு நிலையில ரெண்டு பக்கமும் கறுத்த பிளாஸ்ரிக் மூடி, அரை இஞ்சி ஓட்டை போட்டு அடைச்சிருக்கு, கீழ ரொக்கர் பனலிலயும், அதுதான் கதவுக்கு அடியால நீளத்துக்கு ஓடுற பெட்டி மாதிரித் தகடு, அதேமாதிரி. என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை. திரும்பிப் போய்க் கேட்டால் நீங்கள் கையெழுத்துப் போட்ட பேப்பரில இருக்கு எண்டு விரலால காட்டினம், பாத்தா உண்மைதான், சின்ன எழுத்தில இருக்கு. அடுத்த வசந்தத்தில ஒரு மூடியைக் கழட்டி விரலை விட்டுப் பாத்தன், டிறில் பண்ணேக்க உள்ள விழுந்த இரும்புத் தூள் அப்பிடியே கிடந்து செங்கறளாப் போய் விரலில வந்தது. கறள் வராமல் இருக்கக் காசு குடுத்து, கறளை உள்ளுக்குப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு. மேல்துணியிலயும் புகை மாதிரி ஒயில் புகார் படிஞ்சு ரெண்டு மாசம் மணத்தது.

ஓட்டை போடுறது பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை. குறௌன் மாதிரிப் பெரிய பெயர்காரரின்ர முறையே அதுதான், அடைபட்ட பெட்டிக்குள்ள ஒயில் போக வேற வழி இல்லாத காரும் இருக்கு, ஓட்டையின்ர விளிம்புக்கு ஒயில் பிடிச்சு மூடியை ஒழுங்கா அடைச்சா அதால ஒண்டும் வராது. ஆனா கேட்டிட்டுப் போடவேணும், தூளை எடுக்கவேணும். மியாட்டாவுக்குக் கொம்பனியே போட்ட ஓட்டையள் றப்பர் மூடியோட ஏற்கெனவே போதுமான அளவு இருக்கு, புதுசாப் போட ஒரு தேவையும் இல்லை எண்டு பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது.

ரெண்டாவது கடை 2020 ஓகஸ்ட். ஸ்காபரோவில தொழிற்சாலையளுக்குப் பின்னால காரைத் தூக்கிற ஹொயிஸ்ற் ஒரே ஒண்டு இருக்கிற சின்ன இடம், ஒரு அண்ணை தனியத்தான் வேலை செய்யிறார். பெயரைப் போட வேண்டாமெண்டு அவரே கேட்டவர், இருக்கிற ஆக்களுக்கே நாள் குடுக்க ஏலாமக் கிடக்கு எண்டு. போனில நாள் கேக்கேக்கயே அவர் சொன்னது, "தம்பி, ரெண்டு நாளைக்கு முதல் அடியை நல்ல தண்ணியால கழுவிப்போட்டு வெயிலுக்க ஒருக்கா நல்லா ஓடிக் காயவிட்டுக் கொண்டுவாரும், மழை பெய்தா வரவேண்டாம், போன் அடிச்சுச் சொல்லும், வேற நாள் தாறன்." அந்த ஒரு சொல்லிலயே எனக்கு நம்பிக்கை வந்திட்டுது.

போன உடன ஒயில் குழாயை எடுக்கேல்லை. முதல் ஒரு சின்னக் காந்தம், பிறிட்ஜில ஒட்டுற சாமான், அதைப் பழைய துணியில சுத்தி மட்காட், கதவுக்கு அடி, ரொக்கர் பனல் எல்லாத்திலயும் தடவிக்கொண்டு போனார். காந்தம் இழுக்காத இடத்தில தகட்டுக்குப் பதிலா பூச்சு மெழுகி மறைச்சிருக்கு எண்டு அர்த்தம். பிறகு ஸ்குறூ டிறைவரின்ர பிடிப்பக்கத்தால தட்டித் தட்டிக் கேட்டார், என்னையும் கிட்டக் கூப்பிட்டுக் காதைக் குடுக்கச் சொன்னார். முன்பக்கத்தில இருந்து டிங் டிங் எண்டு வந்துகொண்டிருந்த சத்தம் வலப்பக்கப் பின் ரயருக்கு முன்னால வந்த உடன டொக் எண்டு அடங்கிப் போச்சு, ஈரப் பலகையில தட்டுற மாதிரி. அவ்வளவு தான், உள்ளங்கையில பாதி அளவு இடம், வெளியால பாத்தா பெயின்ற் வடிவா மினுங்குது.

அதுக்குக் காரணம் மேல்துணி. இந்தக் காரில மழைத்தண்ணி துணியின்ர பின்விளிம்பில ஒரு தவாளி மாதிரி ஓடி, சீற்றுக்குப் பின்னால, சீற் பெல்ற் பூட்டியிருக்கிற கோபுரத்துக்குப் பக்கத்தில ரெண்டு பக்கமும் இருக்கிற குழாயால இறங்கி, பின் ரயருக்கு முன்னால அடியில வெளிய வரவேணும். இலை, மண், மேப்பிள் விதை எல்லாம் போய் அந்தக் குழாய் அடைச்சால் தண்ணி பொங்கி ரொக்கர் பெட்டிக்குள்ள இறங்கிடும், பழைய மியாட்டாக்கள் எல்லாம் அந்த ஒரே இடத்தில உக்கிறதுக்கு உப்பை விட இதுதான் பெரிய காரணம். அண்ணை துணியை மடக்கிப்போட்டு இடப்பக்கக் குழாய்க்குள்ள அரைக்கோப்பை தண்ணி விட்டார், உடன அடியால ஓடிவந்தது. வலப்பக்கம் விட்டார், நிண்டு பாத்தம், ஒரு சொட்டு வரேல்லை. புல்லு வெட்டுற மெசினில போடுற தடிச்ச நைலோன் நூலை எடுத்து மெல்ல மெல்ல உள்ள விட்டுத் திருகினார், கம்பி விடக்கூடாதாம், உள்ளுக்குச் சின்ன வாய் மாதிரி ஒரு றப்பர் இருக்கு அது கிழிஞ்சிடும். கொஞ்ச நேரத்தில பொளுக் எண்டு கறுத்த சேறு விழுந்தது, அதுக்குள்ள மேப்பிள் விதையின்ர செட்டையள் அப்பிடியே அடையாளம் தெரியக் கிடந்தது, அதுக்குப் பின்னால சாயம் கூடின பிளேன்ரீ மாதிரித் தண்ணி ஓடிச்சுது, ஒரு போத்தலுக்கு மேல இருக்கும். நான் அந்தக் காரை மழையில நனையவே விடுறதில்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.

அண்டைக்கு அவர் ஒயில் அடிக்கேல்லை. "தண்ணி நிண்ட பெட்டிக்குள்ள அடிச்சா ஒயில் தண்ணிக்கு மேல மிதக்குமே ஒழிய தகட்டில பிடியாது, கீழ் மூடியளைக் கழட்டித் தாறன், நாலு நாள் வெயிலுக்க நிக்கட்டும், பிறகு வாரும்" எண்டு அனுப்பிவிட்டார். காசு வாங்கேல்லை. முதல் கடையில மழைத்தண்ணி சொட்டச் சொட்ட அடிச்சவையை நினைச்சுப் பாத்தன்.

அடுத்த கிழமை போனன். இந்தமுறை ஒண்டரை மணித்தியாலம். பிறேக் டிஸ்க்கையும் எக்ஸோஸ்ற்றையும் பேப்பர் சுத்தி மூடினார். நீட்டுக் குழாய், நுனியில சுத்திவர ஓட்டை, அதைக் கொம்பனி ஓட்டையால ரொக்கர் பெட்டிக்குள்ள கடைசி வரைக்கும் விட்டு, அமத்திக்கொண்டே மெல்ல வெளிய இழுக்கிறார், மற்ற ஓட்டையால வெள்ளைப் புகை மாதிரி ஒயில் புகார் வந்தா உள்ள முழுக்கப் படிஞ்சிட்டுது எண்டு கணக்கு. கதவுகளுக்கு மேலால அடிக்கிறதில்லை, கதவின்ர அடிவிளிம்பில தண்ணி போற சின்ன வெடிப்புகள் இருக்கும், அதுகளை முதல் குச்சியால துப்பரவாக்கிப்போட்டு அதுக்குள்ளாலதான் அடிச்சவர். பொனற், டிக்கி ரெண்டின்ரயும் மடிப்பு, பின்னால ஸ்பிறிங் தாங்கிற இடம், பிறேக் பைப் ஓடுற வழி. இந்த மொடல் காரில முன் பிறேமின்ர மடிப்புக்குள்ள இருந்து கறள் வெளிய தெரியாமத் தின்னுற பழக்கம் இருக்கு, அதுக்கு ரெண்டு தரம் அடிச்சார். முதல் கடைக்காரர் போட்ட ஓட்டையளைத் திறந்து ஊதிச் சுத்தம் செய்து, விளிம்புக்குப் பெயின்ற் வைச்சுப் புது மூடி போட்டதுக்குத் தனியக் காசு எடுக்கேல்லை. மொத்தம் 165 டொலர், 13 வீத வரியோட 186.45. ரசீது தந்தவர்.

குறையளையும் சொல்லவேணும். மூண்டு நாள் சொட்டும். கதவுக்கு அடியால தேன் நிறத்தில நூல் மாதிரி இறங்கும், இன்ரலொக் கல்லுப் போட்ட டிறைவ்வேயில விட்டா அந்தக் கறை இலேசில போகாது, காட்போட் மட்டை விரிக்கவேணும். ஒரு கிழமைக்கு மணம் இருக்கும், சின்னக் கார், மூடிக்கொண்டு ஓடினாத் தலை இடிக்கும், துணியைத் திறந்து ஓடினாச் சரி. கதவு றப்பரில ஒயில் நிண்டா றப்பர் ஊதும், அதை வீட்டை வந்த உடன துணியால துடைச்சுவிடுங்கோ. கடையில இருக்கிறதுக்கு ஒரு கதிரைதான், வெயிலுக்க நிக்கவேணும். போன் எடுக்கமாட்டார், மூண்டு தரம் செய்தி விட்டாத்தான் ஒருக்காத் திருப்பிக் கூப்பிடுவார். உத்தரவாதப் பேப்பர் எதுவும் இல்லை, அது வேணுமெண்டு நினைக்கிற ஆக்கள் பெரிய கடைக்குத்தான் போகவேணும், ஆனா அந்த உத்தரவாதத்துக்கு வருசா வருசம் தவறாமல் அடிக்கவேணும் எண்டு நிபந்தனை இருக்கும், சமர் காருக்கு அது வீண் செலவு.

ஏன் வீண் எண்டு சொல்லுறன் எண்டால், 2022இல திரும்பப் போனபோது அண்ணை அடிமூடியைக் கழட்டி என்ர விரலையே விடச் சொன்னார். ரெண்டு சமர் ஓடியும் விரல் நுனியில மஞ்சளா ஒயில் வழுவழு எண்டு ஒட்டிச்சுது, கறள் தூள் ஒரு துளி இல்லை. என்ர கொரொல்லாவில ஒயில் அடிச்சு ஒரு வின்ரர் கழிய மட்காட்டுக்குள்ள பாத்தால் உப்புச்சேறு அடிச்சு அடிச்சு வெறும் தகடு தெரியும். மியாட்டாவை அப்பிடிக் கழுவ ஒண்டும் இல்லை, அதுதான் வித்தியாசம். 2024இலயும் அடிச்சனான், 2020இல டொக் எண்ட இடம் இண்டைக்கும் அந்த அரை உள்ளங்கை அளவுக்கு மேல போகேல்லை. ஆறாது, ஆனா பரவவும் இல்லை.

எந்த மாதம் அடிக்கிறது எண்டதிலயும் சமர் காருக்குக் கணக்கு வேற. எல்லாரும் ஒக்டோபரில அடிக்கிறது உப்பு வர முதல் எண்டு. எங்களுக்கு யூலை, ஓகஸ்ட் நல்லம், வெக்கையில ஒயில் இளகி இடுக்குகளுக்குள்ள ஊர்ந்து போகும், தகடும் காய்ஞ்சிருக்கும், கராஜுக்குள்ள விட முதல் சொட்டுறதெல்லாம் சொட்டி முடிஞ்சிடும்.

என்ன சாமான் அடிக்கிறது எண்டும் கேப்பியள். சொட்டுற ஒயில் இடுக்குக்குள்ள போறதில கெட்டிக்காரன். ஃபுளூயிட் ஃபில்ம் மாதிரிச் செம்மறி ஆட்டு மயிரில இருந்து எடுக்கிற லனோலின் வகை தடிப்பா ஒட்டி நிக்கும், அடிப்பக்கத்துக்கு நல்லம், தகரத்தில வாங்கி நீங்களே அடிக்கலாம், ஆட்டுப்பட்டி மணம் மட்டும் கொஞ்சநாள் நிக்கும். மெழுகு வகை சொட்டாது, துப்பரவாயும் இருக்கும், காரைக் கண்காட்சிக்குக் கொண்டுபோற ஆக்களுக்கு அதுதான் சரி, சமர் கார் எண்டபடியா கனகாலம் நிக்கவும் செய்யும், ஆனா முதலே கறள் பிடிச்ச இடுக்குக்குள்ள ஒயில் போற மாதிரி அது இறங்காது. தார் மாதிரிக் கறுப்பாப் பூசுறதை மட்டும் பழைய காருக்குச் செய்யாதேங்கோ, அது காய்ஞ்சு வெடிச்சா வெடிப்பால தண்ணி போய் உள்ளுக்கே நிண்டு, வெளியால கறுப்பு மினுங்க உள்ள தகடு இல்லாமப் போயிடும்.

கறளைத் தடுக்குமெண்டு காருக்குப் பூட்டுற எலெக்ரோனிக் பெட்டி எண்டு ஒண்டு விக்கிறாங்கள். கொரொல்லா எடுக்கேக்க ஒரு டீலர் எனக்கு 900 டொலருக்கு அதைக் கட்ட அரை மணித்தியாலம் நிண்டவர். கப்பலுக்கும் மண்ணுக்க தாட்ட குழாய்க்கும் மின்சாரம் குடுத்துக் கறளைத் தடுக்கிறது உண்மை, ஏனெண்டால் அதைச் சுத்திவர எப்பவும் கடல்தண்ணியோ ஈரமண்ணோ இருக்கு, மின்சாரம் அதுக்குள்ளால சுத்தி வரும். கார் காற்றுக்குள்ள நிக்குது, சுத்து முடியாது. அமெரிக்காவில 1990களிலயே வர்த்தக ஆணைக்குழு இப்பிடி ஒரு பெட்டி வித்த ஆக்கள் மேல நடவடிக்கை எடுத்தது. அந்தக் காசுக்கு மியாட்டாவுக்குக் கிட்டத்தட்டப் பத்து வருசம் ஒயில் அடிக்கலாம்.

அடிக்கத் தேவையில்லாத ஆக்களும் இருக்கினம். புதுக்கார், முதல் நாளில இருந்தே சமரில மட்டும் ஓடுறது, காய்ஞ்ச கராஜ், நாலைஞ்சு வருசத்தில மாத்துற எண்ணம் எண்டால் விடுங்கோ, இப்ப வாற காரில தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கு, தகட்டில ஓட்டை விழுந்தாக் கொம்பனி உத்தரவாதமும் அந்தக் காலத்துக்குப் பெரும்பாலும் நிக்கும். ஆனா அந்த ஆக்களும் காரை எங்க நிப்பாட்டுறது எண்டதைக் கவனிக்கவேணும். என்ர சிநேகிதர் ஒருத்தர் வடிவான காரைப் புல்லுத்தரையில விட்டு, மேல பிளாஸ்ரிக் தறப்பாளால இறுக்கிக் கட்டி வின்ரர் முழுக்க வைச்சிருந்தவர். மண்ணில இருந்து எழும்பின ஈரம் தறப்பாளுக்குள்ளயே நிண்டு, ஏப்ரலில கழட்டேக்க பிறேக் டிஸ்க், போல்ற் நட் எல்லாம் செம்மஞ்சள். சீமெந்துத் தரை எண்டாலும் அடியில தடிச்ச பொலித்தீன் விரியுங்கோ, மேல போடுறது காற்றுப் போற துணியா இருக்கட்டும். மார்ச், ஏப்ரலில குளிர்ந்து கிடக்கிற தகட்டில வெளியில இருந்து வாற இளஞ்சூட்டுக் காற்று பட்டாத் தண்ணி வேர்க்கும், பிறிட்ஜில இருந்து எடுத்த சோடாப் போத்தல் மாதிரி, அந்த நாட்களில கராஜ் கதவைச் சும்மா திறந்து வைக்காதேங்கோ. மியாட்டாவை விடுற கராஜுக்குள்ளயே பனி ஒட்டின மற்றக் காரைக் கொண்டுவந்து உருகவிடுறதும் கூடாது, அந்த உப்புத்தண்ணி ஆவியாகிறதும் ஓடுறதும் உங்கட சமர் காருக்கு அடியிலதான்.

எங்கட அப்பா பருத்தித்துறையில மொறிஸ் மைனர் வைச்சிருந்தவர். வீட்டில இருந்து கடல் கூப்பிடு தூரம், காற்றிலயே உப்பு. ஐப்பசி மழை தொடங்க முதல் காருக்கு அடியில சாக்கை விரிச்சுப் படுத்துக்கொண்டு கழிச்ச எஞ்சின் ஒயிலைப் பழைய பிறஸ்ஸால பூசுவார், நான் பேணியைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில குந்தியிருப்பன், கதவைத் திறந்து கீழ் ஓட்டைக்குள்ள விளக்குமாற்று ஈர்க்கால குத்திக் குத்தி மண்ணை எடுத்த பிறகுதான் ஒயில். ஸ்காபரோவில அந்த அண்ணை கதவு வெடிப்பைக் குச்சியால துப்பரவாக்கேக்க எனக்கு அப்பாவின்ர கைதான் தெரிஞ்சது. ஆனா கழிச்ச ஒயிலை இஞ்ச பூசாதேங்கோ, எஞ்சினுக்குள்ள எரிஞ்சு வந்த அமிலமும் ஈயம் மாதிரி உலோகமும் அதுக்குள்ள இருக்கும், தோலுக்குக் கூடாது, சொட்டி மழையோட வாய்க்காலுக்குப் போனா ஏரித்தண்ணிக்கும் கூடாது. அப்பாவுக்கு வேற வழி இருக்கேல்லை.

செலவுக் கணக்கைப் பாருங்கோ. ரெண்டு வருசத்துக்கு 186 டொலர், வருசத்துக்கு 93. என்ர அதே மொடல் வைச்சிருக்கிற ஒரு ஆளுக்கு ரெண்டு பக்க ரொக்கரையும் வெட்டி வெல்டிங் பிடிச்சுப் பெயின்ற் அடிக்க 3200 கேட்டவை, வெல்டிங் பிடிச்ச இடம் திரும்பவும் கறள் பிடிக்கும், அதுக்கும் உள்ளால ஒயில் அடிக்கத்தான் வேணும். கார் ஏழாயிரம் எட்டாயிரம் பெறுமதி. எனக்கு இதில ரெண்டாவது யோசனை இல்லை.

மே மாசம் காரை வெளிய எடுக்கிற அண்டைக்கு முதல் வேலையா ரெண்டு குழாய்க்குள்ளயும் அரைக்கோப்பை தண்ணி விட்டுப் பாக்கிறன், அதுக்குக் காசும் இல்லை, ரெண்டு நிமிசம். போன கிழமை மச்சான் ஒரு 1994 மியாட்டா வாங்கிக்கொண்டு வந்து நிப்பாட்டினான், பெயின்ற் கண்ணாடி மாதிரி, அடி புதுசாக் கறுப்புத் தார் பூசி மினுக்கி வைச்சிருக்கு. துணியை மடக்கிப்போட்டு இடப்பக்கம் தண்ணி விட்டம், வரேல்லை. வலப்பக்கம் விட்டம், அதுவும் வரேல்லை. அண்ணைக்கு மூண்டு செய்தி விட்டிட்டன், கூப்பிடுவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்.